தராசைப் பற்றி ஒரு கடிதம்

ஹபீப் ரஹ்மான் மாடிப்படி ஏறுவது அபூர்வம். கீழே இருக்கும் மிளகு மண்டி அவருடையது. மேலே, நான்கு கம்ப்யூட்டரும் ஒரு மின்விசிறியுமாக இருக்கும் பிரவுசிங் சென்டர் மகள் மெஹ்ரினுடையது. வேண்டியதைக் கீழிருந்தே கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். அன்று காலை கையில் ஒரு தாளுடன் ஏறி வந்தார். விரல்களில் ஒட்டியிருந்த மிளகுத் தூசி தாளின் ஓரத்தில் பதிந்திருந்தது. அதை மகளின் கீபோர்டு மேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். சேந்தமங்கலத்துக் கூரைகளுக்கு அப்பால் கொல்லிமலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது.

மெஹ்ரின் எடுத்துப் படித்தாள். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. அங்கே குண்டனி நாட்டிலிருந்து விவசாயிகள் சங்கத்துப் பாப்பாத்தி, வளப்பூர் நாட்டுக்கும் அரியூர் நாட்டுக்கும் எழுதிய மெயில். இந்த வருஷம் காய் கொடியில் பச்சையாக இருக்கும்போதே யாரும் வியாபாரியிடம் விலை பேசிவிட வேண்டாம், முன்பணத்துக்குக் கை நீட்ட வேண்டாம், பறித்துக் காயவைத்த பிறகு எல்லோரும் ஒரே விலை சொல்வோம் என்று எழுதியிருந்தாள். அந்த விலையையும் எழுதியிருந்தாள். மிளகு வாங்குகிற எந்த வியாபாரியும் பார்க்கக் கூடாத கடிதம் அது. பதினைந்து வருஷமாக அந்த மலை மிளகை வாங்குகிறவரின் பிரிண்டரிலிருந்து வெளியே வந்திருந்தது.

“முழுசாப் படிச்சுட்டீங்களாத்தா?” என்று அப்பாவைக் கேட்டாள்.

“படிச்சு முடிச்சப்புறம்தான் எனக்கு வந்த தபால் இல்லன்னு தெரிஞ்சுது” என்றார் அவர், திரும்பாமலே. ஈரோட்டு வியாபாரிக்கும் அது போயிருந்தது, கொச்சிக்காரருக்கும் போயிருந்தது. ஈரோட்டுக்காரர் போனில் சிரித்தாராம். அத்தா சிரிக்கவில்லை. “தெரிஞ்சதை நான் எப்படிம்மா தெரியாததாக்கறது?” என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அவர் ஏமாற்றத் தெரியாத மனிதர். அதே சமயம் வியாபாரி. இரண்டும் அந்த ஒரு கேள்வியில் இருந்தன.

மேசைக்கு அடியில், பழைய சாக்கின் மேல் வைத்திருந்த மெயில் சர்வரின் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன், 2001இல், மலை மேல் மூன்று நாடுகளிலும் மிளகு விவசாயிகள் சங்கம் நாட்டுக்கொரு கம்ப்யூட்டர் வைத்தபோது, அஞ்சலுக்கென்று சர்வர் போட்டுத் தருவதாக அவள்தான் முன்வந்தாள். தனியாக ஒரு லைன் வாங்கச் சங்கத்தால் முடியாது. அதனால் சர்வர் ஒன்று, டொமைன் இரண்டு. முகவரியில் @ குறிக்கு வலப்பக்கம் சங்கத்துக்கு ஒரு பெயர், மண்டிக்கு ஒரு பெயர். குண்டனியில் கூடியவர்கள் முன்னால் நின்று, நீங்கள் எழுதுவது உங்களைத் தாண்டாது, எங்கள் வீட்டு மாடியில் இருந்தாலும் தாண்டாது என்று சொல்லியிருந்தாள். கூட்டத்தில் சிலர் பாப்பாத்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். பாப்பாத்தி தலையசைத்த பிறகுதான் மற்றவர்களும் அசைத்தார்கள். இப்போது நினைக்கும்போது, தான் சொன்ன வாக்கைவிட அந்தத் தலையசைப்பு கனமாக இருந்தது.

தப்பு எங்கே என்று தேட அதிக நேரம் ஆகவில்லை. ஒருவர் எழுதினால் குழுவில் எல்லோருக்கும் போய்ச் சேரும்படி செய்கிற மெயிலிங் லிஸ்ட் மென்பொருளில் சங்கத்துக்கு ‘மிளகு’ என்று ஒரு குழு முதலிலேயே இருந்தது. போன மாதம் அத்தா தன் வாடிக்கை வியாபாரிகளுக்கு விலை சொல்ல ஒரு குழு கேட்டார். மிளகு வியாபாரிக்கு மிளகைத் தவிர வேறென்ன பெயர் வைப்பது என்று அதையே வைத்து, உருவாக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள். கொடுத்த அதே நொடியில் கரண்ட் போனது. அந்தத் தெருவில் கரண்ட் போவதை யாரும் ஒரு நிகழ்ச்சியாகக் கணக்கில் எடுப்பதில்லை. வந்த பிறகு மறுபடி கட்டளை கொடுத்தபோது, இந்தக் குழு ஏற்கெனவே இருக்கிறது என்று திரை சொன்னது. கரண்ட் போவதற்குள் வேலை முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, அத்தாவின் முகவரியையும் அவர் வியாபாரிகளின் முகவரிகளையும் அதில் சேர்த்தாள். சேர்க்கும்போது உள்ளே வேறு யார் இருக்கிறார்கள் என்று அது காட்டாது. அவளும் கேட்கவில்லை. பறிப்பு தொடங்காததால், பாப்பாத்தியின் கடிதம் வரும்வரை இரண்டு பக்கத்திலும் யாரும் அதில் எழுதவும் இல்லை.

இரண்டு டொமைன் என்றால் நடுவே ஒரு சுவர் தானாக இருக்கும் என்று நம்பியிருந்தாள். அந்த மென்பொருளுக்கோ @ குறிக்கு இடப்பக்கம் மட்டும்தான் கண்ணில் பட்டது. மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் அதற்கு ஒரே மிளகுதான்.

சத்தமில்லாமல் சரி செய்துவிட்டு இருந்துவிடலாமா என்ற நினைப்பு ஒருமுறை வந்து போனது. அது வந்ததற்காகவே அவளுக்கு வெட்கமாக இருந்தது. போனை எடுத்து குண்டனிக்கு அடித்தாள். பாப்பாத்தி முழுவதும் கேட்டாள். கோபப்பட்டிருந்தால் தேவலாம். நேரில் வந்து சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று முழுக்க மெஹ்ரின் சென்டரைத் திறக்கவில்லை. உள்ளே குழுக்களைப் பிரித்தாள். மலை-மிளகு ஒன்று, மண்டி-மிளகு ஒன்று. வெளியே யாரும் பழகிய முகவரியை மாற்ற வேண்டியதில்லை. எந்த டொமைனுக்கு வருகிறதோ அதைப் பார்த்து, அந்தக் குழுவுக்குத் திருப்பிவிடச் சொல்லி மெயில் சர்வருக்கு ஒரு அட்டவணை எழுதிக் கொடுத்தாள். சேர்கிறேன் என்று எழுதுபவர்களுக்கான முகவரி, விலகுகிறவர்களுக்கான முகவரி, திரும்பி வருகிற கடிதங்களுக்கான முகவரி என்று ஒவ்வொன்றுக்கும் வரி வேண்டியிருந்தது. எல்லாம் எழுதிச் சோதித்துப் பார்த்தால் மெயில் பழையபடி தவறான பக்கமே போய் விழுந்தது. எழுத்துக்கு எழுத்து சரியாகத்தான் இருந்தது. மதியச் சோற்றைத் தட்டில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது: அட்டவணையை மனிதர்கள் படிக்கிற மாதிரி எழுதினால் போதாது, சர்வர் படிக்கிற வடிவத்துக்கு அதை மாற்ற ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுக்கவே இல்லை. சோறு பிசைந்த கையோடு போய் இடது கையால் அடித்தாள். அடுத்த மெயில் ஒழுங்காகத் தன் வீட்டுக்குப் போனது. அதற்கடுத்ததும் போனது. தட்டில் சோறு ஆறியிருந்தது. அதை அவ்வளவு ருசியாக அவள் சாப்பிட்டதில்லை.

மறுநாள் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது அந்த ருசி கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. சரி செய்துவிட்டது அவளுக்குத் தெரியும். அதை மற்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வார்கள்?

குண்டனியில் கம்ப்யூட்டர் இருந்த அறையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எப்போதும் போனவுடன் டீ வரும். அன்று வரவில்லை. பாப்பாத்தி சுவரோரம் கால் மடக்கி உட்கார்ந்திருந்தாள். வியாபாரியிடம் முன்பணம் வாங்காதே என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் அவள்தான். இப்போது ஈரோட்டிலிருந்து ஒரு ஆள் ஜீப்பில் வந்து, தனித்தனியாக ஒவ்வொரு வீட்டிலும் பேசிப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். மெஹ்ரின் நடந்ததையெல்லாம் சொன்னாள். கரண்ட் போனதைச் சொன்னபோது அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவளுக்கே கேட்டது.

குழந்தைசாமிதான் முதலில் வாயைத் திறந்தார். நிறைய மிளகுக் கொடி உள்ளவர், நாக்கிலும் கொஞ்சம் மிளகு உள்ளவர் என்று அங்கே பெயர்.

“பொட்டி உங்கூட்டு மாடியில, தராசு உங்கூட்டு வாசல்ல. நடுவுல எதுக்குங்க அம்மணி இந்த ஒயரு? சோறு போடறப்ப நீங்களே அப்பங்கிட்டச் சொல்லிப்போடலாமல்லோ.”

யாரோ சிரித்து, உடனே அடங்கினார்கள். மெஹ்ரினுக்குக் காது சுட்டது. இனிமேல் எழுத்தே வேண்டாம், பழையபடி பஸ்ஸில் ஆள் அனுப்பிச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். பாப்பாத்தி அதை மறுக்கவில்லை. சரியாகிவிட்டதா என்று மட்டும் மெஹ்ரினைக் கேட்டாள். ஆகிவிட்டது என்றாள். எங்களுக்கு எப்படித் தெரியும் என்று பாப்பாத்தி கேட்டாள். மெஹ்ரின், அத்தாவுக்குப் போன் செய்து, மெயில் வருகிறதா என்று பார்க்கச் சொல்லலாம் என்றாள்.

“சொல்லி வெச்சா வரலைன்னுதான் சொல்லுவாரு” என்றார் குழந்தைசாமி. கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். பிறகு முகம் மெல்ல மலர்ந்தது. “பாப்பாத்தி, நாஞ் சொல்றத அடி.”

அவர் சொல்லச் சொல்லப் பாப்பாத்தி அடித்தாள். ஹபீப் பாய் கடைத் தராசில் யானையை நிறுத்தினாலும் ஆட்டுக்குட்டி எடைதான் காட்டும் என்று கடிதம் ஆரம்பித்தது. அந்தத் தராசுக்குக் கண் தெரியாது, காதும் கேட்காது, பாய் இருமினால் மட்டும் முள் அசையும் என்று வளர்ந்தது. அறையில் இருந்தவர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஹபீப் ரஹ்மானை எது சொன்னாலும் பொறுத்துக்கொள்வார், தராசைச் சொன்னால் பொறுக்கமாட்டார் என்பது மலை முழுக்கத் தெரியும். ஒருமுறை சந்தையில் யாரோ விளையாட்டாகச் சொன்னதற்குத் தராசைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு அவன் ஊருக்கே பஸ் ஏறிப் போனவர். இந்தக் கடிதம் அவர் கண்ணில் பட்டால் குண்டனிக்குப் போன் வந்தே தீரும். அவர் பார்க்காவிட்டாலும் ஈரோட்டுக்காரர் பார்த்து, படித்துக் காட்டாமல் விடமாட்டார்.

மோடம் கரகரத்துக் கீச்சிட்டுக் கீழே போய்ப் பேசியது. சங்கத்துக் குழுவுக்கு எழுதிய அந்த மெயில் போனது. போனுக்கும் மெயிலுக்கும் ஒரே லைன் என்பதால் பாப்பாத்தி இணைப்பைத் துண்டித்தாள். பிறகு எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

மெஹ்ரினுக்குச் சின்ன வயதிலிருந்தே மௌனம் பழக்கம். அத்தாவும் அவளும் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு பகல் முழுக்கக் கடையில் இருந்துவிடுவார்கள். ஆனால் இந்த மௌனம் வேறு மாதிரி இருந்தது. வெளியே மழை வந்து, சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக் கொடிகளை நனைத்துவிட்டு நின்றது. பச்சைச் சரங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் மனதுக்குள் படித்துப் பார்த்தாள். எங்காவது ஒரு எழுத்து விட்டிருந்தால்? அவள் இதுவரை செய்த வேலைகளெல்லாம் ஏதோ ஒன்று வந்து சேர்ந்தால் முடிந்ததாக அர்த்தம். இது மட்டும் ஒன்றும் வராமல் இருந்தால்தான் முடிந்ததாக அர்த்தம். வராத ஒன்றுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

போன் அடித்தது.

யாரும் எடுக்கவில்லை. குழந்தைசாமி கண்ணைக் காட்டினார். மெஹ்ரின் எடுத்தாள். அத்தாதான். அறையில் எல்லோருக்கும் கேட்கிற குரல் அவருக்கு.

“மேல மழையாம்மா? குடையை இங்கயே வெச்சுட்டுப் போயிட்டியே.”

மெயில் பார்த்தீர்களா என்று கேட்டாள். பார்த்தேன், இப்போதுதான் பார்த்தேன், கொச்சிக்காரர் எழுதினது ஒன்றுதான் வந்திருக்கிறது என்றார். குழந்தைசாமி எழுந்து வந்து ரிசீவரைக் கையில் வாங்கிக்கொண்டார்.

“ஏனுங்க பாய், நல்லாருக்கீங்களா? தராசெல்லாம் நல்லாருக்குங்களா?”

“அதுக்கென்னங்க கொறச்சல்? நேத்துத்தான் எடை ஆபீஸ்ல இருந்து வந்து முத்திரை போட்டுட்டுப் போனாங்க. தங்கம் நிறுக்கலாம்.”

குழந்தைசாமி ரிசீவரைப் பொத்திக்கொண்டு திரும்பினார். அவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது. அவ்வளவு நன்றாகத் திட்டியது போய்ச் சேரவில்லையே என்று. அடுத்த நிமிடம் அறையே சிரித்தது. அவரும் சிரித்தார், தோள் குலுங்க. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அத்தா போனில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

டீ வந்தது. கூடவே வேகவைத்த குச்சிக்கிழங்கு வந்தது. பாப்பாத்தி மறுபடி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து விரல்களை நீவிக்கொண்டாள். இனி உண்மையான கடிதம். பழைய முடிவு ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது, புதிதாக ஒன்று வேண்டும். மெஹ்ரின் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வெளியே இருக்கிறேன் என்று எழுந்தாள்.

“இருங்க அம்மணி” என்றாள் பாப்பாத்தி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். குழந்தைசாமி கிழங்குத் தட்டை மெஹ்ரின் பக்கம் நகர்த்தினார்.

அவள் உட்கார்ந்தாள். மூன்று நாட்டு மிளகையும் மலை மேலேயே செம்மேட்டில் ஒரே இடத்தில் சேர்த்து, எல்லா வியாபாரிகளையும் வரச்சொல்லி ஒரே நாளில் ஏலம் விடுவதென்று பாப்பாத்தி எழுதுவதை அவள் கண்ணெதிரே பார்த்தாள். டீ ஆறுவதற்குள் வளப்பூரிலிருந்து சரி என்று வந்தது. அரியூரிலிருந்து சென்றாயன், சரி, ஆனால் தராசைப் பற்றி எழுதியது யார், இங்கே சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் புரையேறிவிட்டது என்று எழுதியிருந்தார்.

அவள் இறங்கி வந்தபோது மண்டியில் விளக்குப் போட்டிருந்தார்கள். அத்தா கல்லாவில் இருந்தார். துண்டை எடுத்துக் கொடுத்து, தலையைத் துவட்டச் சொன்னார். துவட்டி முடிக்கும்வரை காத்திருந்தார்.

“அந்தக் குழந்தைசாமி எதுக்கும்மா என் தராசை விசாரிச்சான்? என்னதான் எழுதினாங்க?”

மெஹ்ரினுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. யானையும் ஆட்டுக்குட்டியும் நாக்கு நுனிவரை வந்து நின்றன. அவற்றுக்குப் பின்னால் செம்மேடும் ஏலமும் நின்றன. துண்டுக்குள் முகத்தைப் புதைத்து, எல்லாவற்றையும் விழுங்கினாள்.

“அது உங்களுக்கு வந்த தபால் இல்லத்தா.”

ஹபீப் ரஹ்மான் அவளையே பார்த்தார். அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது போலிருந்தது. பிறகு எழுந்து போய், எப்போதும்போல் கடை மூடுமுன் தராசுத் தட்டுகளைத் துணியால் துடைத்தார். கையை எடுத்ததும் காலித் தட்டுகள் இரண்டும் மேலும் கீழுமாகக் கொஞ்ச நேரம் ஆடின. அப்பாவும் மகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் குறைந்து குறைந்து, முள் நடுவில் வந்து நின்றது.