முப்பதடிக்கு மேல் வேண்டாம்

வெல்மா இரண்டாவது கோப்பைக் காபியை ஊற்றிக்கொண்டிருந்தபோது தம்பி மனைவி நோரீன் அழைத்தாள்.

"உடனே கெளம்பி வா வெல்மா. இன்னிக்குத் தாண்டறதே கஷ்டம்னு நர்ஸ் சொல்றா. கண்ணத் தொறக்கறப்பெல்லாம் நீ வந்துட்டியான்னுதான் ஹார்லன் கேக்கறான்."

வெல்மாவும் கணவன் ரஸ்ஸும் வீட்டை விற்றுவிட்டு வீட்டு வண்டியிலேயே வாழத் தொடங்கி ஆறு வருடங்களாகின்றன. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் சேர்த்து முப்பத்தாறு அடி நீளம். அன்று அது வயோமிங்கில் ஓர் ஏரிக்கரை முகாமில் நின்றிருந்தது. தம்பி ஹார்லனின் பண்ணை மலைக்கு அந்தப் பக்கம், மொன்டானாவில். டங்கன் கணவாய் வழியே போனால் நான்கு மணி நேரம். மலையைச் சுற்றிப் போனால் ஒரு முழுப் பகலும் மறுநாள் காலையும். வாடகைக் கார் கிடைக்கும் ஊரோ எதிர்த்திசையில் வெகுதூரம்.

ரஸ் மடிக்கணினியைத் திறந்தான். வீட்டு வண்டிக்காரர்கள் ஒருவருக்கொருவர் எழுதிவைக்கும் தளம் ஒன்று உண்டு. எந்தப் பாலம் தாழ்வானது, எந்த முகாமில் மின்சாரம் கிடைக்கும், கழிவுநீரை எங்கே இறக்கலாம், எல்லாம் அதில் இருக்கும். மூன்று வருடங்களுக்கு முன் ஆரிகனில் அதைப் பார்க்காமல் போய் ஒரு பாலத்தின் அடியில் வண்டியின் கூரையைச் சிக்கவைத்துக்கொண்டான். பின்னால் நின்ற கார்க்காரர்கள் இறங்கிவந்து படமெடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்தத் தளத்தைக் கேட்காமல் அவன் பெட்ரோல் போடக்கூடத் திரும்புவதில்லை.

"டங்கன் வேணாம்," என்றான். "முப்பதடிக்கு மேல இருந்தா வராதீங்கன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். கொண்டை ஊசி வளைவுல மாட்டிக்கிட்டு ரெண்டு மைல் ரிவர்ஸ்லயே வந்திருக்காங்க."

"யார் அந்த ஒருத்தர்? உன் மாமனா மச்சானா?"

"அனுபவப்பட்டவர்."

"என் தம்பி சாகக் கெடக்கறான் ரஸ்."

"மாட்டிக்கிட்டா எப்படியும் போய்ச் சேர மாட்டோம். யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்தாள். அவன் சொன்னதில் தவறு எதுவும் அகப்படவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. ஓட்டத் தெரிந்திருந்தால் சாவியைப் பிடுங்கியிருப்பாள். இத்தனை வருடங்களில் கற்றுக்கொள்ளாத தன்மேலும் ஆத்திரம் வந்தது.

மலையைச் சுற்றிப் போகும் வழியில், மாலை ஐந்து மணிக்கு ஒரு பெட்ரோல் நிலையத்தில் நின்றிருந்தபோது நோரீன் மறுபடி அழைத்தாள். மூன்றரைக்கே முடிந்துவிட்டதாம். மலைச்சாரலில் சிக்னல் இல்லாததால் அதுவரை அழைப்பு கிடைக்கவில்லை. ரஸ் முன் கண்ணாடியில் அப்பியிருந்த பூச்சிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் கையை நிறுத்தினான். பிறகு, என்ன செய்வதென்று தெரியாமல், மீதியையும் துடைத்து முடித்தான்.

அடக்கம் முடிந்து, பண்ணை வீட்டில் எல்லோரும் பன்றித் தொடைக்கறியும் உருளைக்கிழங்கும் தட்டில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் ஆர்வில் ரஸ்ஸிடம் எந்த வழியாக வந்தீர்கள் என்று விசாரித்தார். பதிலைக் கேட்டுச் சிரித்தேவிட்டார்.

"டங்கனா? நான் வாரம் ரெண்டு நடை வைக்கோல் லாரியில போறேன்யா. வளைவையெல்லாம் வெட்டி அகலமாக்கி அஞ்சு வருசமாச்சு!"

வெல்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்குப் போனாள். மடிக்கணினியில் அந்தக் குறிப்பைத் தேடி எடுத்தாள். அதன் கீழே சின்ன எழுத்தில் தேதி இருந்தது. ஒன்பது வருடங்களுக்கு முந்தையது.

ரஸ் பின்னாலேயே வந்து படியில் நின்றான்.

"தேதியப் பாத்தியா அன்னிக்கு?"

அவன் படியிலேயே உட்கார்ந்தான்.

"பாத்தேன்," என்றான். "ரோடு மாறியிருக்கும்னு தோணல. அப்புறம்... பயமாவும் இருந்துச்சு."

"அதைச் சொல்லியிருந்தா பரவால்ல," என்றாள் வெல்மா. "பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா நான் ஆர்வில் மாதிரி யாரையாவது கூப்புட்டு ரோடு எப்படின்னு கேட்டிருப்பேன்."

திரும்பும்போது டங்கன் வழியாகத்தான் போகவேண்டும் என்றாள். அவன் மறுக்கவில்லை. அங்கே ஒன்றுமே இல்லை. நல்ல தார், மஞ்சள் கோடு, ஓரத்தில் மாடுகள். உச்சி வளைவில் வண்டிகள் ஒதுங்கும் இடத்தில் அவன் நிறுத்தி மடிக்கணினியை எடுத்தான். எழுதி முடித்ததும் அவளிடம் திருப்பிக் காட்டினான், பாராட்டை எதிர்பார்க்கும் முகத்தோடு.

"பழைய குறிப்பை நம்ப வேண்டாம். நாற்பதடி வண்டியும் தாராளமாகப் போகும். அருமையான காட்சி. இனிமையான பயணம்."

வெல்மா கடைசி வரியை இரண்டு முறை படித்தாள். சாலை எத்தனை அடி அகலம் என்று அதில் எங்கும் இல்லை. கதவைத் திறந்து இறங்கினாள். சாலையின் ஒரு விளிம்பில் குதிகாலைப் பதித்து, ஒரு பாதத்தின் நுனியில் மறுபாதத்தை ஒட்டவைத்து, எதிர் விளிம்பை நோக்கி அளந்து நடக்கத் தொடங்கினாள். கீழேயிருந்து மரம் ஏற்றிவந்த லாரி ஒன்று வேகம் குறைத்து, ஹாரன் அடிக்காமல், அவள் கடந்து முடிப்பதற்காக நின்றது.