கொடை நாள் வெயில்

பால்துரையைப் பொய்யன் என்று சொல்ல அதுவரை ஒருவனுக்கும் நாக்கு எழுந்ததில்லை. கருப்பட்டிக் கடைக்காரர் மகன். கடையில் உட்காராமல் பௌதிகம் படித்து, தூத்துக்குடித் துறைமுகத்து வானிலை ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தவன். அப்பேர்ப்பட்டவனைப் பார்த்து, மதராஸிலிருந்து வந்த மேலதிகாரி கிருபாநிதி, "காலையில தூங்கிட்டுத் தோணின நம்பரை எழுதி வச்சிருக்கீங்க" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அவனுக்குக் காது மடல் வரைக்கும் எரிந்தது.

விஷயம் இதுதான். ஆபீஸ் மொட்டைமாடியில் ஒரு பித்தளைக் குழல் இருந்தது. அதைச் சூரியனுக்கு நேரே திருப்பினால், பக்கத்திலிருக்கும் முள் ஏறி வெயிலின் வலுவைக் காட்டும். குழல் வாயில் சிவப்புக் கண்ணாடியை மாட்டி ஒரு தடவை, கழற்றிவிட்டு ஒரு தடவை பார்க்க வேண்டும். புகையும் தூசியும் நீல வெளிச்சத்தைத்தான் அதிகமாகச் சிதறடிக்கும், சிவப்பை அவ்வளவாகத் தொடாது. இரண்டையும் ஒப்பிட்டால், சூரியனுக்கும் நமக்கும் நடுவே எவ்வளவு அழுக்கு மிதக்கிறது என்று தரையில் நின்றபடியே சொல்லிவிடலாம். உலக யுத்தம் முடிந்ததும் இந்தக் கரைக்கென்று அனுப்பிவைத்த கருவி. அதன்மேல் ஒரு ஈ உட்கார்ந்தால்கூட பால்துரைக்குப் பொறுக்காது.

ஆனால் பங்குனி பிறந்ததிலிருந்து காலைக் கணக்கு மட்டும் கோணிக்கொண்டது. வானத்தில் பொட்டு மேகம் இருக்காது, முள் ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்கும். மத்தியானம் கடல்காற்று வந்ததும் ஒழுங்காக ஏறிவிடும்.

"பனங்காட்டுப் புகை சார்," என்றான் பால்துரை. "இது பதநீர்க் காலம். தென்மேற்கே ஊர் ஊரா கருப்பட்டி காய்ச்சுதாங்க. காலையில கரைக்காத்து அந்தப் புகையை இங்கன தள்ளிட்டு வருது."

கிருபாநிதி சிரித்தார். "துறைமுகத்துல கப்பல் கரி எரியுது. ஊருக்குள்ள மில் புகைபோக்கி நிக்குது. அதையெல்லாம் விட்டுட்டுக் கருப்பட்டி அடுப்பா சூரியனை மறைக்குது? நிரூபிச்சுக் காட்டுங்க பார்ப்போம். இல்லேன்னா புதன்கிழமை ரயில்ல கருவி என்னோட வருது."

அதற்கென்று வைக்கோல் அடைத்த மரப்பெட்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தார், பாவி மனுஷன். கருவி போவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பொய்க்கணக்கு எழுதினவன் என்ற பேர் ஒட்டினால் ஏழு கடலில் முழுகினாலும் போகாது.

மில்லர்புரத்து வீட்டுக்கு வந்தால், மனைவி சீனித்தாய் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"செவ்வாக்கிழம எங்க ஊர்ல சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா. நாளைக்கே நான் பஸ் ஏறுதேன். நீங்க அன்னைக்கு வந்திரணும், கேட்டியளா?"

"ஏளா, இங்கன என் மானமே கப்பலேறுது. உனக்குக் கொடை கேக்குதாக்கும்!"

"மானம் போச்சுன்னா சுடலைகிட்ட முறையிடுங்க. ஆனா மத்தியானம் படைப்புச் சோறு போடுத வரைக்கும் திங்க ஒண்ணும் கிடைக்காது, சொல்லிட்டேன். அன்னைக்குச் சுத்துப்பட்டி பூரா கருப்பட்டி காய்ச்சுத ஒரு விடிலியிலயும் அடுப்பு எரியாது. இறக்குத பதநீரை எல்லாம் வந்த கூட்டம் குடிச்சே தீத்துரும்."

பால்துரை ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றுவிட்டான். "இன்னொரு தடவை சொல்லு."

"காது அடைச்சிருக்கா? அடுப்பு எரியாதுன்னேன்!"

கப்பலுக்குக் கொடை கிடையாது, மில்லுக்கும் கிடையாது. அவை இரண்டும் செவ்வாய்க்கிழமையும் புகை கக்கும். அணைந்து கிடக்கப்போவது பனங்காட்டு அடுப்பு மட்டும்தான். அவளை அப்படியே தூக்கித் தட்டாமாலை சுற்ற வேண்டும்போல் இருந்தது. வாசல் திறந்திருந்ததால் அடக்கிக்கொண்டு, வந்த வழியே ஆபீசுக்கு ஓடினான்.

"சார், செவ்வாக்கிழமை காலையில நீங்களே முள்ளைப் பாருங்க. நான் கிட்டக்கூட வர மாட்டேன். ஏறலைன்னா அந்தப் பெட்டிக்கு நானே ஆணி அடிச்சுத் தாரேன்."

செவ்வாய்க்கிழமை காலை. துறைமுகத்துக் கப்பல்கள் கன்னங்கரேலென்று ஊதிக்கொண்டிருந்தன. மில் புகைபோக்கியும் தன் பங்குக்கு விட்டுக்கொண்டிருந்தது. காற்றும் வழக்கம்போல் தென்மேற்கிலிருந்துதான். கிருபாநிதி தன் கையாலேயே கண்ணாடியைத் துடைத்து, குழலைச் சூரியனுக்கு நேரே நிறுத்தினார். முள் படுத்தே கிடந்தது.

"என்ன பால்துரை?"

எங்கிருந்தோ வந்த ஒரு துண்டு மேகம் சூரியன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. வேறு இடமே கிடைக்கவில்லையா அந்தச் சனியனுக்கு! "செத்த பொறுங்க சார்," என்ற பால்துரை மனசுக்குள் வேண்டிக்கொண்டான். சுடலைமாடா, உனக்கு ஒரு கிடா.

மேகம் நகர்ந்தது. முள் ஏறியது. பங்குனியிலிருந்து ஒருநாள் காலையிலும் எட்டாத கோட்டைத் தாண்டி, மத்தியானக் கோட்டில் போய் நின்றது. கிருபாநிதி கண்ணாடியை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"அடேயப்பா!" என்றார். ஆனாலும் மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை. "ஒருநாள் கணக்கை வச்சு முடிவு கட்டக் கூடாது. நாளைக்கும் பார்க்கணும். அதுவரைக்கும் இங்க என்ன வேலை? கொடைக்கு நானும் வரலாமா?"

கொடைப் பந்தலில் சமாசாரம் கேட்டதும் சீனித்தாயின் அண்ணன் அய்யாக்குட்டி, பதநீர் குடித்த பனையோலைப் பட்டையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தே விட்டார். "ஏலே! சூரியனுக்கே தட்டி கட்டி மறைச்சிருக்கோம்டே!" பந்தலே அதிரும்படி ஊர் ஆரவாரம் போட்டது. அதிகாரிக்கு அடுத்தடுத்துப் பட்டை நிறையப் பதநீர் வந்தது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் ஒழியவில்லை.

கொடை முடிந்த அசதிக்கெல்லாம் பதநீர் காத்திருக்காது. புதன்கிழமை விடிந்ததும் அத்தனை அடுப்பும் மறுபடி புகைந்தன. மொட்டைமாடியில் முள் பழையபடி படுத்துக்கொண்டது. அது படுத்ததைப் பார்த்துப் பால்துரை பிள்ளைபோலக் கைதட்டினான். கிருபாநிதி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தூங்கினது நீங்க இல்லை, நாங்கதான். உங்க கணக்குல ஒரு எழுத்தை யாரும் தொட மாட்டாங்க. கருவி இங்கதான் இருக்கும்."

பால்துரைக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

சாயங்காலம் ரயிலுக்குப் புறப்படும்போது, பெட்டியைத் தூக்க வந்த போர்ட்டர் முக்கினான். கிருபாநிதி திடுக்கிட்டார். "வெறும் பெட்டி எப்படிக் கனக்கும்?"

ஊரிலிருந்து வந்து இறங்கியிருந்த சீனித்தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். பெட்டிக்குள், கருவிக்கென்று வைத்திருந்த வைக்கோலில், புதுக் கருப்பட்டி வரிசை வரிசையாக அடுக்கியிருந்தது.

"வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்புத வழக்கம் எங்களுக்கில்ல சார். மதராஸுல எல்லாருக்கும் ஒரு துண்டு உடைச்சுக் குடுங்க. உங்க சூரியனை மறைச்சது இதுதான்னு சொல்லிக் குடுங்க."