துணிகளுக்கு நடுவே

காலை எட்டு மணி ஆனால் போதும், மூன்றாம் மாடியிலிருந்து தங்கை தடதடவென்று இறங்கி வருவாள். இடுப்பில் வாண்டு, தோளில் கைப்பை, காதில் போன். "அக்கா, பிடி பிடி, பஸ் போயிடும்" என்று பிள்ளையைக் கைமாற்றிவிட்டு ஓடுவாள். ஒன்றரை வருஷமாக இதே ஓட்டம்தான்.

அக்கா தனிக்கட்டை. அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒற்றை அறை. அதில் ஒரு தையல் மெஷின். பேண்ட் நீளம் குறைப்பதும் ஜிப் மாற்றுவதும் அவள் பிழைப்பு. இரண்டு வயதுப் பிள்ளையைக் காலடியில் விட்டுக்கொண்டு மெஷின் மிதிப்பது லேசுப்பட்ட காரியமா? அதனால் தன் வேலைகளில் அவனுக்கும் ஒரு பங்கு கொடுத்துவிட்டாள். துவைத்த சாக்ஸ்களை அவன் முன்னால் கொட்டி ஜோடி சேர்க்கச் சொல்வாள். அவன் கறுப்பையும் மஞ்சளையும் ஒட்டவைத்து, "கல்யாணம்!" என்று கத்துவான். ஈரத் துணியைக் கொடுத்தால் நாற்காலிக்குக் கால் கழுவிவிடுவான். பட்டாணி உரிக்க உட்கார்ந்தால் பாதி அவன் வாய்க்குள்தான். பெரியம்மா என்று சொல்ல வராது, "பெம்மா" என்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்வீட்டில் அவன் மேசைக்காலில் இடித்துக்கொண்டான். அம்மா ஓடிப்போய்த் தூக்கினாள். அவன் அவளைத் தள்ளிவிட்டு, "பெம்மா கிட்ட போணும்" என்று வீறிட்டான். வாசலில் நின்றிருந்த அக்காவுக்குத் தங்கையின் முகம் செத்துப்போனது தெரிந்தது. உள்ளே போகவும் முடியாமல், திரும்பவும் முடியாமல் நின்றாள்.

மறுநாள் தங்கை பிள்ளை இல்லாமல் வெறும் இடுப்போடு வந்தாள்.

"அவன ப்ளே ஸ்கூல்ல சேர்த்துட்டேன்க்கா. உனக்கும் பாரம் குறையும்."

"பாரம்னு நான் எப்போ சொன்னேன்?"

"நீ சொல்லல. ஆனா அவனும் நாலு விஷயம் கத்துக்கணும்ல? இங்க துணிகளுக்கு நடுவுல என்ன கத்துக்குவான்?"

அக்கா மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று ஒரே ஜிப்பை மூன்று தடவை கோணலாக வைத்துத் தைத்துப் பிரித்தாள்.

முதல் வாரம் பள்ளிக்குப் போகிற வழியில் அவன் அக்காவின் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். அதன்பின் தங்கை பின்பக்கப் படிக்கட்டில் இறங்கிப் போக ஆரம்பித்தாள்.

இரண்டு வாரம் கழித்துப் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இதப் பாரேன்!" பள்ளியில் எடுத்த வீடியோ. டீச்சர் தரையில் சாக்ஸ்களைப் பரப்பியிருந்தாள். வாண்டு சிவப்பையும் நீலத்தையும் தூக்கிப் பிடித்து, "கல்யாணம்!" என்றான். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எப்படி யோசிக்கறான் பார்த்தியா? இதெல்லாம் அங்கதான்க்கா சொல்லித் தர்றாங்க."

அக்காவுக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, "ஆமா, நல்லா இருக்கு" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த மாதம் பள்ளியில் தண்ணீர்க் குழாய் வெடித்து இரண்டு நாள் விடுமுறை விட்டார்கள். காலை எட்டு மணிக்குக் கதவு தட்டும் சத்தம்.

"ரெண்டே நாள்க்கா. லீவு போட முடியாது."

பிள்ளை இரண்டு கைகளையும் நீட்டினான். "பெம்மா!"

"அவசர வேலை இருக்கு" என்றாள் அக்கா. "இருபது பேண்ட். இன்னிக்கே குடுக்கணும்."

தங்கை அவள் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தாள். மேசை துடைத்துவிட்டாற்போல் காலியாகக் கிடந்தது. அவள் பார்த்ததை அக்காவும் பார்த்தாள்.

"சரிக்கா" என்று தங்கை திரும்பினாள்.

அழுகை ஒவ்வொரு மாடியாக ஏறிப் போனது. பின்னாலேயே ஓடிப் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும்போல் அக்காவுக்குக் கால் துறுதுறுத்தது. அவள் போய் மெஷினில் உட்கார்ந்து, துணியும் இல்லாமல் நூலும் இல்லாமல் மிதித்தாள்.

அந்த இரண்டு நாளும் இரண்டாம் மாடிக்காரிதான் பிள்ளையை வைத்துக்கொண்டாள் என்று பிறகு கேள்விப்பட்டாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை டிவி முன்னால் உட்கார வைத்திருந்தாளாம். ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லையாம், தங்கமான பிள்ளையாம்.