ஒன்பதாம் வகுப்பு மீன் ஏலம்

"பெடியனுக்குப் பதினாலு வயசுதான் அருமைநாயகியக்கா, பதினாறு வரைக்கும் பள்ளிக்கூடம்…"

"சட்டம் கதைக்காதேங்கோ ரீச்சர். சட்டமே வந்து என்ரை அடுப்பை எரிக்கப்போகுது…"

"நான் சட்டம் கதைக்க வரேல்லை. அவனை விடுங்கோ எண்டுதான்…"

"விடுறதோ? பிடிச்சு வச்சிருக்கிறது நானோ? நீங்கள்தானே பழக்கி விட்டனீங்கள்!"

ஜெசிதா ரீச்சர் கேற்றைப் பிடித்தபடி நின்றாள். அருமைநாயகி உள்ளே வரச் சொல்லவில்லை. மகன் டினேஸ் பள்ளிக்கூடம் வந்து இரண்டு கிழமையாகிறது. குருநகர்க் கரையில் தாய்மாமன் நீக்கிலாப்பிள்ளையோடு நின்று மீன் ஏலம் கூறுகிறானாம்.

பழக்கியது ஜெசிதாதான். ஒன்பதாம் வகுப்பில் சதவீதம் படிப்பிக்கப் போனால் பிள்ளைகள் முகட்டுப் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் மேசைகளை ஒதுக்கிவிட்டு, நிலத்தில் சோக்கால் பாரையும் விளைமீனும் கீறி, "ஆர் ஏலம் கூறப் போறியள்?" என்று கேட்டாள். கடைசி வரிசை வாங்கில் வாயே திறவாமலிருந்த டினேஸ் எழும்பி வந்தான். வந்தவன் பிறகு இடத்தில் போய் இருக்கவில்லை. ஒருவன் விலை கேட்க, இன்னொருத்தி ஏற்றிக் கேட்க, தரகு எத்தனை வீதம், ஐஸுக்குப் போக மிச்சம் எவ்வளவு, எல்லாம் அவன் நாக்கு நுனியில் நின்றன. பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்து, "என்ன ரீச்சர், நாளைக்கு நாங்களும் மீன் வாங்கப் பையோட வரட்டோ?" என்று பகிடி விட்டுப் போனார். அன்றைக்கு ஜெசிதாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

தவணைச் சோதனையில் அவன் விடைகளை மட்டும் எழுதியிருந்தான். எல்லாம் சரி. ஆனால் செய்முறை எழுதாவிட்டால் புள்ளியில் முக்கால்வாசி போய்விடும். சிவப்புப் பேனையால் வெட்டியதும் அவளேதான்.

"எழுதவும் பழக்கிறன் அக்கா. ஒரு தவணை தாங்கோ. அவன்ரை கெட்டித்தனம்…"

"உங்கடை பேப்பரில அவன் மொக்கன். கரையில உவனைப்போல ஒருத்தரும் இல்லையாம், அண்ணை சொல்லுறார். கல்குலேற்றர் தட்டுறவன் தலை நிமிர முதல் இவன் கணக்கைச் சொல்லிப்போடுவானாம். நான் எதை நம்ப?" அருமைநாயகியின் குரல் இறங்கியது. "இவன் ஒருத்தனாவது மீன் மணக்காத சட்டை போடட்டும் எண்டு அந்தோனியாரை மண்டாடித்தான் ரீச்சர் உங்களிட்டை அனுப்பினனான். நீங்கள் கரையைக் கொண்டுபோய் வகுப்புக்குள்ள வச்சனீங்கள்."

பிள்ளைக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குக் கூட்டிப் போகவேண்டும் என்று ஒரு பதில் ஜெசிதாவிடம் இருந்தது. ஆசிரியர் கருத்தரங்குகளில் சொல்ல நல்ல பதில். இந்தக் கேற்றடியில் அது எடுபடாது.

அந்நேரம் டினேஸ் சைக்கிளில் வந்து குதித்தான். சட்டையெல்லாம் செதில். ரீச்சரைக் கண்டதும் முகம் மலர்ந்து போயிற்று.

"ரீச்சர்! நீங்கள்தான் ஏலம் கூறப் பழக்கித் தந்தனீங்கள் எண்டு மாமாட்டைச் சொன்னனான். உங்களுக்கு எண்டால் சும்மா மீன் தருவாராம்."

"டினேஸ், திங்கக்கிழமை வகுப்புக்கு வாறியோ?"

"திங்கக்கிழமை கனக்க மீன் வரும் ரீச்சர்." பள்ளிக்கூடத்தில் சரியான விடை சொன்ன அதே துள்ளலோடு கிட்ட வந்தான். "மாமாவுக்கு இன்னும் ரெண்டு பெடியள் வேணுமாம். எங்கடை வகுப்பில ஆர் நல்லாக் கூறுவினம், ரீச்சர்?"