சிட்டும் யானையும் ஆடிச் சாரலும்

ஆவணி பிறப்பதற்குள் முத்துவடிவு கம்ப்யூட்டர் வாங்கியாக வேண்டும். வாங்குவது ஒரு தடவைதான். தப்பானதை வாங்கிவிட்டால் தென்காசியில் அவள் நடத்திவரும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டை இழுத்து மூட வேண்டியதுதான். லோயர் முடித்த பிள்ளைகள் ஹையருக்கு வராமல் கம்ப்யூட்டர் படிக்கிறேன் என்று திருநெல்வேலிக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு கம்பெனி மிஷின்ல எதை வாங்கன்னு நீதாம்லே சொல்லணும். காலேஜ்ல அதைத் தொட்டவன் நம்ம வீட்டுல நீ ஒருத்தன்தான்" என்றாள் தம்பியிடம்.

"எதுன்னாலும் சரி" என்றான் பால்வண்ணநாதன்.

மனைவி விஜயம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து அவன் எதற்கும் சொல்லும் பதில் அது. தோசையா இட்லியா என்றாலும் அதுதான். சினிமாவா வீடா என்றாலும் அதுதான். முத்துவடிவு அதற்கு மேல் அவனைத் துருவவில்லை. ஆடி முழுக்க இரண்டையும் வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்து இரண்டு கம்பெனி ஆட்களையும் வரச் சொல்லி எழுதிவிட்டாள்.

ஆடியில் தென்காசிக்கு வரச் சொன்னால் எந்தக் கம்பெனிதான் மறுக்கும்? மதுரையிலிருந்து ராமசேஷன் டை கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். அட்டைப் பெட்டிகள் நாலு. ஐந்தாவதாக ஒரு பை. அதில் துண்டும் நல்லெண்ணெய்ப் பாட்டிலும் இருந்தன.

பெட்டியைப் பிரித்து மேஜைமேல் அடுக்கியதும் டைப் அடிக்க வந்த பெண்கள் அதற்கு யானை என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கனம்.

"ரெண்டு ஃப்ளாப்பி டிரைவ், மேடம். நாளைக்கு பாங்க்ல, எல்.ஐ.சி.ல எல்லாம் இந்த ஜாதி மிஷின்தான் வரப்போறது. ரூமுக்கு ஏ.சி. போட்டுடுங்கோ. செருப்போட யாரையும் விடாதேங்கோ" என்றார். சொல்லிவிட்டுக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போய்விட்டார்.

மறுநாள் சுரண்டையிலிருந்து செல்லச்சாமி வந்தான். கையில் ஒரு மஞ்சள் பை, அவ்வளவுதான். அதிலிருந்து புத்தகம் கனத்துக்கு ஒன்றை எடுத்து முத்துவடிவின் டி.வி.யில் மாட்டினான். பக்கத்தில் ஒரு டேப் ரிக்கார்டர்.

"இவ்வளவுதானா?" என்றாள் முத்துவடிவு.

"இவ்வளவேதான்க்கா. யானை வாங்குத பணத்துல இதை நாலு வாங்கலாம்."

அதற்குப் பெயர் சிட்டு.

முத்துவடிவு முதலில் விரல்களால்தான் எடை போட்டாள். யானையின் கீ ஒவ்வொன்றும் டக்கென்று இறங்கி ஏறியது. சிட்டுக்கு ரப்பர் கீ. ரெண்டு வரி அடித்துவிட்டுக் கையை உதறினாள். "அல்வாவை அமுக்குத மாதிரி இருக்குலே இது!" அன்றைக்கு யானை ஜெயித்தது. புரோகிராம் ஏற்றுவதிலும் யானைதான். ஃப்ளாப்பியைச் செருகினால் மூச்சு விடுவதற்குள் திரை வந்துவிடும். சிட்டுக்கு கேசட் ஓடி முடிய வேண்டும். அதுவரை 'கீ...ர்ர்' என்று ஒரே அலறல். எதிர்க்கடைக்காரர் வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்புறம் சாரல் பிடித்தது.

குற்றாலத்து லாட்ஜுகளில் கூட்டம் நிரம்பியது. சாயங்காலமானால் தென்காசி முழுக்க பல்பு மஞ்சளாக அழுதது. அந்தக் கரண்டுக்கு யானை எழுந்திருக்கவில்லை. எழுந்தாலும் பாதிப் பாடத்தில் படுத்துவிட்டது. சிட்டுக்குக் கொஞ்சம் கரண்டு போதும். டி.வி. படம் சுருங்கியதே தவிர, அது பாட்டுக்கு ஓடியது. ஆடி பாதியில் பால்வண்ணநாதன் யானையின் ஃப்ளாப்பியை உறையிலிருந்து உருவினான். உள்வட்டத்தில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது.

அவன் டவுன் பஸ் ஏறி ஐந்தருவிக்குப் போனான். ராமசேஷன் இடுப்பில் துண்டோடு தண்ணீருக்குள் நின்றார்.

"ஃப்ளாப்பி பூத்துப்போச்சு!" என்று இவன் கத்தினான்.

"என்னது? காது கேக்கலை! நீங்களும் உள்ளே வாங்கோ ஸார்!"

மாற்று ஃப்ளாப்பி மெட்ராஸிலிருந்துதான் வரவேண்டும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அவனும் முழுக்க நனைய வேண்டியதாயிற்று.

தீர்ப்பு நாளன்று சிட்டும் காலை வாரியது. டேப் ரிக்கார்டர் கேசட்டை மென்று நாடாவைக் குடலாக வெளியே தள்ளியது. ராமசேஷன் டையைச் சரிசெய்துகொண்டு புன்னகைத்தார்.

"பாட்டு கேட்கிற டேப்பை நம்பி கம்ப்யூட்டர் வாங்கலாமா, மேடம்?"

"இதுக்குப் போயா?" என்ற செல்லச்சாமி பத்திரமாக வைத்திருந்த மூலக் கேசட்டைக் காப்பி எடுக்க அடுத்த கடைக்கு ஓடினான். அது இசக்கியின் மைக் செட் கடை. கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் குழாய் கட்டுவார். கேசட்டும் பதிந்து தருவார். கொஞ்ச நேரத்தில் காப்பி எடுத்துத் தந்துவிட்டு, என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று அவரும் கூடவே வந்து நின்றார்.

செல்லச்சாமி டேப்பைத் தட்டினான். கணீரென்று ஒரு குரல் எழுந்தது.

"தென்காசி, இசக்கி சவுண்ட் சர்வீஸ்! உங்கள் இல்ல விசேஷங்களுக்கு ஒலி, ஒளி அமைக்க நாடுங்கள்!"

செல்லச்சாமிக்கு முகம் செத்துவிட்டது. ஆனால் குரல் ஓய்ந்து அலறல் தொடங்கியதும் டி.வி.யில் வரிவரியாகக் கோடுகள் ஓடின. சிட்டு அந்த விளம்பரத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. பாதி ஏறியாயிற்று. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

"இந்த இனிய கீதத்தை உங்களுக்கு வழங்கிக்கொண்டிருப்பவர்கள், இசக்கி சவுண்ட் சர்வீஸ்!"

கோடுகள் நின்றன. திரையில் 'எர்ரர்' என்று விழுந்தது.

"நடுவுல ஏன் அண்ணாச்சி பேசுனீக?" செல்லச்சாமி அழாத குறை.

"எல்லாக் கேசட்லயும் பேசுதேன், இதுல மட்டும் பேசாண்டாமா? நாளைக்கு இது எந்தக் கடைக் கேசட்டுன்னு எவனுக்குத் தெரியும்?" இசக்கிக்கு நியாயமான கோபம். "அதுவும் இந்தப் பாட்டுக்கு இனிய கீதம்னு சொன்னேம் பாரு, அதுக்கே என்னைக் கும்பிடணும்லே!"

பால்வண்ணநாதனுக்கு எங்கிருந்தோ கிளம்பியது. முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். முத்துவடிவு திரையை விட்டுவிட்டுத் தம்பியையே பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள். பெண்கள் சிரித்தார்கள். ராமசேஷன் டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணாச்சி, நடுவுல மட்டும் பேசாதீங்க" என்றான் பால்வண்ணநாதன், மூச்சு வாங்க. "தொடக்கத்துல எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க. மிஷின் அதைக் காதுல வாங்காது."

இசக்கி போய் மறுபடி பதிந்து கொண்டுவந்தார். விளம்பரம் முடிந்தது, கோடுகள் ஓடின, புரோகிராம் ஏறிவிட்டது.

முத்துவடிவு கேட்டாள்: "இப்பச் சொல்லு. எதை வாங்க?"

எல்லோரும் அந்தப் பழைய பதிலுக்குத் தயாரானார்கள்.

"சிட்டு. நாலு." அவன் நிறுத்தவில்லை. "யானை உசத்திதான். ஆனா ஒண்ணே ஒண்ணை வாங்கிவெச்சா ஒரு பிள்ளை தொடும், மத்ததுக அது முதுகைப் பாத்துக்கிட்டு நிக்கும். அது படுத்தா மெட்ராஸுக்கு எழுதணும். சிட்டு படுத்தா அடுத்த கடைக்குப் போனாப் போதும். விரலுக்கு நம்ம டைப் மிஷின் இருக்கு. நாலும் சம்பாதிக்கட்டும், பிறகு யானையக் கட்டுவோம்."

"அப்ப ஏ.சி. போட்டு, சாரல் இல்லாத மாசமாப் பார்த்து வாங்குங்கோ" என்றார் ராமசேஷன், பெருந்தன்மையாக.

"சாரல் இல்லாத மாசத்துல நீங்க வருவீகளா?" என்றாள் முத்துவடிவு.

ஆவணியில் வகுப்பு தொடங்கியது. நாலு டி.வி., நாலு டேப். பால்வண்ணநாதன்தான் வாத்தியார். பிள்ளைகள் நாலு பட்டனையும் ஒன்றாகத் தட்ட, நாலு இசக்கிகள் முன்பின்னாக முழங்கினார்கள். வாரம் முடிவதற்குள் வகுப்பு முழுதுக்கும் அது மனப்பாடம். கேசட்டோடு சேர்ந்து, ராகம் போட்டு, எல்லோரும் ஒப்பிப்பார்கள். வாத்தியார் குரல்தான் அதில் ஓங்கிக் கேட்கும்.