பதினாலாம் படுக்கையின் உப்பில்லாச் சாப்பாடு

ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளைச் சிட்டிகை என்றுதான் கூப்பிடுவார்கள். மிளகு எவ்வளவு, சீரகம் எவ்வளவு என்று யார் கேட்டாலும் "ஒரு சிட்டிகை" என்பாள். இருநூறு பேருக்குக் கொதிக்கிற அண்டாவுக்கும் அதே பதில்தான். ஆனால் கை ஒருநாளும் தப்பியதில்லை.

மூன்றாம் மாடியில் இதய நோயாளிகளுக்கான வார்டு. அவர்களுக்கு உப்பில்லாமல், தனி அடுப்பில் சமையல். அந்த வாரம் பதினாலாம் படுக்கைக்குப் போன தட்டு மூன்று வேளையாகத் தொடாமலே தள்ளுவண்டியில் திரும்பி வந்தது. நாலாவது வேளை சிட்டிகையே தட்டை எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

படுக்கையில் இருந்தவர் ஒரு லாரி டிரைவர். கட்டிலுக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டிருக்கும் அளவுக்கு நெடிய ஆள்.

"நீதான் சமைக்கிறியாம்மா? கோவிச்சுக்காதே. இது பூசணிக்காயா, நனைஞ்ச பஞ்சா?"

பக்கத்துப் படுக்கைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிட்டிகைக்குச் சுருக்கென்றது. சமையலறைக்கு வந்ததும் அண்டாவில் மிச்சமிருந்ததை ஒரு வாய் போட்டுப் பார்த்தாள். பஞ்சேதான். அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை.

அன்றிலிருந்து மூன்று நாள் அவளும் உப்பைத் தொடவில்லை. முதல் நாள் எரிச்சலாக வந்தது. இரண்டாம் நாள் ஒன்று பிடிபட்டது. நாக்கு உப்பைத் தேடுவதெல்லாம் முதல் இரண்டு வாய்க்குத்தான். அந்த நேரத்தில் புளிப்போ வாசனையோ முன்னால் வந்து நின்றால், தேடியதை மறந்துவிட்டு அதன் பின்னால் போய்விடுகிறது.

மூன்றாம் நாள் காலையில் தனி அடுப்பைப் பற்ற வைத்தாள். உருளைக்கிழங்குக்குச் சீரகத்தைக் கருக விடாமல் வறுத்துப் பொடித்துப் போட்டு, இறக்கும்போது எலுமிச்சை பிழிந்தாள். காரட்டின் தித்திப்புக்குத் தனியா விதை பொருந்தியது. பீன்ஸுக்குப் பூண்டைத் தட்டிப் பொன்னிறமாக வதக்கினாள். பூசணிக்காய்க்குச் சோம்பு. விதைகளை எண்ணெயில் முதலில் போட்டவள், கொத்தமல்லித் தழையை அடுப்பை அணைத்த பிறகுதான் தூவினாள். சூட்டில் விட்டால் அதன் வாசனை போன இடம் தெரியாது.

அன்று பதினாலாம் படுக்கைத் தட்டு வழித்துத் துடைத்தாற்போலத் திரும்பி வந்தது. தள்ளுவண்டிக்காரர், "கழுவவே வேண்டாம் போலிருக்கே" என்றார். சிட்டிகைக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, சமையலறை வாசலில் ஒரு பெண்மணி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இங்க சிட்டிகைங்கிறது யாரு?"

"நான்தான். நீங்க?"

"பதினாலாம் படுக்கைக்காரரோட சம்சாரம். இருபத்தாறு வருஷமா வாய்க்கு ருசியா ஆக்கிப் போடறேன். நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை வந்ததில்லே. இப்ப என்னடான்னா, உப்பே போடாத உருளைக்கிழங்கைப் பத்தி வார்டு பூரா பிரசங்கம் பண்றாரு! நீங்களே சொல்லுங்க, வயிறு எரியுமா எரியாதா?"

சிட்டிகைக்குச் சிரிப்பு முட்டியது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

"எரியத்தான் செய்யும். உள்ள வாங்கண்ணி, கையைக் கழுவுங்க. இன்னிக்கு அவர் தட்டு உங்க கையால போகட்டும்."

தலைக்குத் துணியைக் கட்டிக்கொண்டு வந்தவள் கரண்டியைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது, சாமான்யப்பட்டவள் இல்லையென்று. கொதிக்கிற பூசணிக்காயை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"சோம்பு மட்டும் எடுபடாது. துளி பட்டை தட்டிப் போடட்டுமா?"

"பட்டையா? பூசணிக்காய்க்கா?"

"போட்டுப் பாருங்களேன்."

போட்டார்கள். சிட்டிகை ஒரு வாய் எடுத்துச் சுவைத்துவிட்டு, உடனே இன்னொரு வாய் எடுத்தாள்.

"அண்ணி, இத்தனை நாள் எங்க இருந்தீங்க?"

பன்னிரண்டரைக்குத் தட்டு மேலே போனது. மனைவி கட்டிலோரம் போய் உட்கார்ந்தாள். சிட்டிகை கதவருகே நின்றுகொண்டாள். கீழே அடுப்பில் பால் இருந்ததை அப்போதைக்கு மறந்தேபோனாள். டிரைவர் பூசணிக்காயை வாயில் போட்டார், கண்ணை மூடினார்.

"பாத்தியா, இதான் கைமணம்! நேத்தைவிட இன்னிக்குத் தூக்கல். அந்தம்மாகிட்ட நீயும் ரெண்டு நாள் போய்க் கத்துக்கோ."

"போயிட்டுத்தான் வரேன். நீங்க சாப்பிடறது நான் ஆக்கினது."

கரண்டி பாதி வழியில் நின்றது. டிரைவர் மனைவியைப் பார்த்தார், கதவருகே நின்றவளைப் பார்த்தார். சிட்டிகை, ஆமாம் என்று தலையசைத்தாள். பக்கத்துப் படுக்கைக்காரர் இந்த முறை வாயைப் பொத்தவில்லை. வார்டே சேர்ந்து சிரித்தது. டிரைவரின் காது மடல் சிவந்துபோனது.

"நல்லாருக்கு" என்றார் மெதுவாக. பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படி, "ரொம்ப நல்லாருக்கு."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சிட்டிகைக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான் போலிருந்தது.

அவர் வீடு திரும்ப இன்னும் நாலு நாள் இருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கே மனைவி சமையலறைக்கு வந்துவிட்டாள். கையில், தன் பால்கனித் தொட்டியில் பறித்த ஒரு கட்டுப் புதினா.

"இதைப் பட்டாணிக்குப் போடலாமா, தயிருக்கா?"

"ரெண்டுக்கும் போட்டுப் பாப்போம் அண்ணி" என்று சிட்டிகை முறத்தை நீட்டினாள்.