இரண்டாம் தேடல்

வேலை போனபின் மார்வின், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள தன் வீட்டிலிருந்தே, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு 'பேட்ச்' எனப்படும் ஒரு திருத்தம் எழுதி, எல்லாரும் படிக்கும் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பியிருந்தான். கணினி வட்டில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை மரம் போன்ற ஓர் அமைப்பு வைத்திருக்கும். பழைய நிரல் அதில் ஒரு பதிவைத் தேடி எடுத்துவிட்டு, அடுத்த அடியிலேயே அதே பதிவை வேரிலிருந்து மறுபடி தேடியது. கண்ட இடத்தையே பயன்படுத்தினால் இரண்டாம் தேடல் வேண்டாம் என்பதுதான் அவன் திருத்தம். அதைப் பார்த்துத்தான் ஒரு நிறுவனம் மறுநாள் நேர்முகத் தேர்வுக்கு அவனை அழைத்திருந்தது.

முன்பு சுபாங் ஜெயா அலுவலகத்தில் அவனோடு வேலை செய்த மெஹ்ரின் அதைப் படித்தாள். இரண்டு தேடல்களுக்கும் நடுவே, நினைவகத்தில் இடம் கிடைக்கக் காத்திருக்கையில், மரத்தை வேறெதுவும் மாற்றாதபடி காக்கும் 'லாக்' என்னும் பூட்டை நிரல் திறந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கணினியின் வேறொரு வேலை பதிவை நகர்த்திவிட்டால், மார்வின் எழுதுவது இன்னொருவர் கோப்பின் மேல் விழும்.

குழுவில் பதில் எழுதத் தொடங்கியவள், நிறுத்திவிட்டு அவனை அழைத்தாள். பிழையைச் சொல்லும்போது கொஞ்சம் தனிமை தருவதும் ஒரு தர்மம்தான்.

"வாங்க பெரிய ஆளு! பேட்ச் எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு. நடுவுல லாக்கை விடுறாங்களே, பாத்தியா?"

விசைகள் தட்டும் ஓசை கேட்டது. பிறகு, "ஆண்டவரே" என்றான்.

"நாளைக்கு இன்டர்வியூ, மெஹ்ரின். யாரும் கவனிக்கல. முடிஞ்சதும் சொல்லிடுறேனே."

"அதுக்குள்ள கெர்னல்ல சேத்துட்டாங்கன்னா? யாரோட கல்யாண போட்டோவோ போயிரும் லா."

"அப்ப நீயே எழுதிடேன்."

"எழுதத்தான் உக்காந்தேன். மனசு கேக்கல."

அவன் நிரலை மேலிருந்து மறுபடி படித்தான். "மெமரியை முதல்லயே வாங்கி வச்சிட்டா? அப்புறம் தேடுனா லாக்கை விடவே வேணாமே."

"அதேதான் லா! ஆனா அத நிதானமா எழுது. மொதல்ல இத நிறுத்து."

'என் திருத்தத்தில் தவறு உள்ளது, சேர்க்க வேண்டாம். கண்டுபிடித்தவர் மெஹ்ரின்' என்று அவன் குழுவுக்கு எழுதினான்.

மறுநாள், தேர்வு நடத்திய கமலநாதனின் திரையில் அந்த மடல்தான் திறந்திருந்தது.

"இதை நீங்களாவே கண்டுபிடிச்சிருப்பீங்களா?"

"தெரியல, சார். கூட வேலை செஞ்சவங்க போன் பண்ணிச் சொன்னாங்க."

கமலநாதன் நாற்காலியை வெள்ளைப் பலகையின் அருகே இழுத்துப் போட்டு, ஒரு பேனாவை நீட்டினார்.

"பூட்டு எங்க திறக்குதுன்னு போர்டுல வரைங்க. எனக்கும் இது இன்னும் சரியா புரியல."